பதினைந்தாவது வரி

1

இந்தக் கதை பதினான்கு வரி அறிவிப்பு ஒன்றிலிருந்து பிறந்தது. எங்கள் பங்கு மடலில் சென்ற டிசம்பரில் வந்த அறிவிப்பு அது. தலைப்பு: 'விடுமுறைப் பயணம்: செல்லப்பிராணிகளுக்கும் சேர்த்து'. எழுதியவன் நான். கீழே என் பெயர் இருக்காது. பங்கு மடலில் யார் பெயரும் இருப்பதில்லை.

பங்கு மடல் என்பது ஞாயிறுதோறும் கோயில் பெஞ்சுகளில் வைக்கப்படும் ஒற்றைத் தாள். எந்தக் கோயில் என்று சொல்லமாட்டேன். மயிலாப்பூர் சுற்றுவட்டாரத்தில் கிறிஸ்தவக் கோயில்களுக்குக் குறைவில்லை. உங்களுக்குப் பிடித்த ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பிழைப்புக்கு நான் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு விளம்பர வாசகம் எழுதுகிறேன். இருபது வருடமாக அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது எழுதுவதை அல்ல, வெட்டுவதை. 'இந்த ஆடித் தள்ளுபடியில் உங்கள் குடும்பத்தார் அனைவருக்கும்' என்று முதலாளி எழுதிக்கொடுத்தால், அதை 'ஆடி. எல்லோருக்கும்.' என்று குறைத்துக் கொடுப்பேன். அதற்குத்தான் சம்பளம்.

இந்தக் கதையில் மட்டும் எதையும் வெட்டுவதில்லை என்று வைத்திருக்கிறேன். தொடங்கிவிட்டுக் கைவிட்ட வாக்கியங்கள் சதுர அடைப்புக்குள் அப்படியே கிடக்கும். காரணம் மூன்றாம் பகுதியில் வரும். அவசரமென்றால் நேராக அங்கே போய்விடலாம், நான் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: [மார்கழிப் பனி மூடிய மயிலாப்பூர்த் தெருவொன்றில்—] மயிலாப்பூரில் பனி மூடி நான் பார்த்ததில்லை. விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: [அன்று மாலைக்குள் சோடா இறந்துபோகும் என்று காலையில் யாருக்கும் தெரியாது.] உண்மையான வாக்கியம்தான். ஆனாலும் அதில் விளம்பரக்காரன் வாடை அடிக்கிறது. முதல் வரியிலேயே ஆளின் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுக்கிறது. இருந்தும், எழுதித் தொலைத்தாயிற்று, உங்களுக்கும் தெரிந்துவிட்டது. ஆமாம், சோடா இறந்துபோயிற்று. அது ஒரு நாய். வெள்ளைப் பொமரேனியன், வயது பதினொன்று.

மூன்றாவது தொடக்கத்தில் ஆட்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பியாட்ரிஸ் மிஸ், வயது அறுபத்தாறு, முப்பத்தோரு வருடம் வேதியியல் ஆசிரியை. எங்கள் தெருவில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், நானும்தான். அதனால் எங்களுக்கு எத்தனை வயதானாலும் அவர் மிஸ். நாய்க்குச் சோடா என்று பெயர் வைத்தது அவர்தான். அது காஸ்டிக் சோடா, குடிக்கிற சோடா இல்லை என்று விளக்கமும் சொல்வார். ஆய்வகத்தில் அளவுக் குழாயான பியூரெட்டைப் பிடித்தால் கடைசிச் சொட்டு பாதியில் நிற்கும், அப்படியொரு கை. அந்தக் கை தினமும் காலை ஏழு மணிக்கு இரண்டு ஊசி போட்டது. கணவருக்குப் பதினெட்டு யூனிட் இன்சுலின், சோடாவுக்கு ஐந்து. இரண்டு பேருக்கும் சர்க்கரை.

கணவர் ஸ்தனிஸ்லாஸ், எங்களுக்கு அங்கிள். தரமணியில் ஒரு கல்வி நிறுவனத்தில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். கதாபாத்திரமாக இவரை நம்புவது எனக்கே சிரமமாக இருக்கிறது. பங்கு மடலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதில் சொன்னதை எல்லாம் வாரம் முழுக்க ஒவ்வொன்றாகச் செய்து முடிப்பவர். 'கைப்பேசிகளை அணைத்துவிடவும்' என்று கோயிலில் வாசித்தால், கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வந்த நாளிலும் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறவராக மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றினால் கதை நடக்காது.

அந்த வீட்டில் ஒரு வேலைப் பிரிவினை உண்டு. மிஸ் ஊசி போடுவார். அது முடிந்ததும் சோடாவுக்குக் கோழிச்சோறு வைப்பது அங்கிளின் பொறுப்பு. பின்கட்டில் வைத்து, தட்டையும் அவரே கழுவிவிடுவார். மிஸ் அதற்குள் இட்லி ஊற்றப் போயிருப்பார். எட்டு மாதமாக இப்படித்தான் நடந்துவந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் தப்பு இந்த இடைவெளிக்குள் நடந்தது.

3

எங்கள் பங்கில் கிறிஸ்மஸ் வந்தால் பாதி வீடு பூட்டிக்கிடக்கும். தூத்துக்குடி, மணப்பாடு, நாகர்கோவில் என்று கிளம்பிவிடுவார்கள். அதற்கு முந்தின வருடம் யாரோ ஒருவர் பூனையைக் காரில் பூட்டிவைத்துவிட்டுச் சாப்பிடப் போய், திரும்பி வருவதற்குள் அது மூச்சுத் திணறிக் கிடந்ததாம். அதனால் பங்குத்தந்தை என்னிடம், "எரிக், நாய் பூனை வச்சிருக்கறவங்களுக்கு உருப்படியா எதாவது எழுதிக் கொடுங்க. பதினாலு வரி, அதுக்கு மேல இடமில்ல. பலகாரப் போட்டி அறிவிப்பு வேற இருக்கு" என்றார்.

எனக்கு நாயும் தெரியாது, பூனையும் தெரியாது. அடையாறில் இருக்கும் கால்நடை மருத்துவர் ஷண்முகப்ரியாவுக்குப் போன் செய்தேன். பாவம், முக்கால் மணி நேரம் பொறுமையாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டது இது:

ஒரு வாரம் முன்பே தினமும் கால்மணி நேரம் வண்டியில் உட்காரவைத்துப் பழக்குங்கள். தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். வீட்டு வாசனை உள்ள பழைய துணி ஒன்றைக் கூட வையுங்கள். வழக்கமான தண்ணீர்க் கிண்ணத்தையே கொண்டுபோங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திக் காலாற நடக்கவிடுங்கள். பூட்டிய வண்டிக்குள் ஐந்து நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். கிளம்புவதற்கு ஐந்து மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு வேண்டாம், வாந்தி வராது. நடுங்கினால் பதறாதீர்கள், பயணப் பயம்தான். கண்டுகொள்ளாமல் இருந்தால் தானே அடங்கும்.

கடைசியாக டாக்டர் சொன்னதையும் எழுதினேன்: தினமும் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்ளும் பிராணிகளுக்கு இது பொருந்தாது, மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எண்ணிப் பார்த்தால் பதினைந்து வரி. ஒன்று போக வேண்டும். நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். நடுவில் எனக்கே பிடித்த ஒரு நகைச்சுவை வரி இருந்தது: 'ஜன்னலோர இருக்கை எல்லா நாய்க்கும் பிடிக்கும், டிக்கெட் எடுத்தது யார் என்பதை மட்டும் அவ்வப்போது நினைவுபடுத்துங்கள்.' அதை வைத்துக்கொண்டேன். டாக்டரின் வரியை வெட்டினேன்.*

* ஜவுளிக்கடை விளம்பரத்தில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்ற வரியை எறும்பு அளவு எழுத்தில் அடியில் போடுவோம். அதைப் படிக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். இருபது வருடப் பழக்கத்தில், அந்த மாதிரி வரியைக் கண்டாலே என் கை முதலில் அங்கேதான் போகும். இது சாக்கு அல்ல. [சாக்காகவும் இருக்கலாம்.]

4

பங்கு மடலைப் படிக்கிறவர்கள் குறைவு. ஆனால் நற்கருணை முடிந்து எல்லோரும் கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது, அதிலிருப்பதைப் பீடத்துக்குப் பக்கத்திலிருந்து வாசிப்பார்கள். அந்த நேரத்தில் அந்த ஒலிபெருக்கியிலிருந்து எது வந்தாலும் அது கட்டளைதான். கல்யாணங்களை முன்கூட்டி அறிவிக்கும் திருமண ஓலையும் அங்கேதான், தண்ணீர் வராத தேதியும் அங்கேதான். டிக்கெட் வரிக்குக் கோயிலே சிரித்தது. எனக்குக் காது குளிர்ந்தது. இதையும் வெட்டாமல் சொல்லிவிட வேண்டும்: அந்தச் சிரிப்பை நான் ஒரு வாரம் அனுபவித்தேன்.

ஸ்தனிஸ்லாஸ் அங்கிள் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

5

டிசம்பர் இருபத்துமூன்று. அங்கிளும் மிஸ்ஸும் சோடாவும் தூத்துக்குடியில் அங்கிளின் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்கள். வாடகைக் கார், ஓட்டுநர் கரீமுல்லா. காலை பதினொரு மணிக்குப் புறப்பாடு. இந்தப் பகுதியில் நான் இல்லை. அங்கிளும் கரீமுல்லாவும் பிறகு சொன்னதை ஒட்டிவைக்கிறேன்.

ஏழு மணிக்கு மிஸ் இரண்டு ஊசியையும் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். அங்கிள் தாளை எடுத்துப் பார்த்தார். கிளம்ப இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கிறது, தாளில் ஐந்து மணி நேரம் என்று போட்டிருக்கிறது. கோழிச்சோற்றைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டார். மனைவியிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, சொல்வதற்கு அதில் ஒன்றுமிருப்பதாகத் தோன்றவில்லை. தட்டு எப்போதும்போலச் சுத்தமாக இருந்தது.

இன்சுலின் உடம்புக்குள் போய்ச் சர்க்கரையைத் தேடும். சாப்பாடு வந்திருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். வராவிட்டால் இரத்தத்தில் இருப்பதை எடுத்துவிடும். இது எனக்கு இப்போதுதான் தெரியும்.

கிண்டியைத் தாண்டும்போது கரீமுல்லா கண்ணாடியில் பார்த்துக் கேட்டிருக்கிறார். "இன்னா நைனா, நாய் இப்டி நடுங்கிகினு கீது?"

"டிராவல்னா பயம் அதுக்கு" என்றாராம் மிஸ். "கண்டுக்காம விட்டா சரியாயிடும். சர்ச்சுல சொன்னாங்க."

கரீமுல்லா ஏசியைக் குறைத்தார். குரோம்பேட்டைக்குப் பக்கத்தில் சோடா மிஸ்ஸின் மடியிலிருந்து சரிந்து, கால்களை உதறிக்கொண்டு விழுந்தது. ஒரு கிளினிக்கைக் கண்டுபிடித்துக் கொண்டுபோவதற்குள் அரை மணி நேரம். அங்கிருந்த இளம் மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றினார், நெஞ்சை அமுக்கிப் பார்த்தார், அவரால் முடிந்ததைச் செய்தார். மூன்று மணி வாக்கில் வெளியே வந்து, "சுகர் ரொம்ப இறங்கிடுச்சும்மா. இன்சுலின் கூடிப்போச்சு" என்றார்.

மிஸ்ஸின் காதில் விழுந்தது 'கூடிப்போச்சு' மட்டும்தான். வேதியியல் ஆசிரியைக்கு அதற்கு ஒரே அர்த்தம்: அளந்த கை தப்பாக அளந்திருக்கிறது. அங்கிள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டதாம். சோறு வைக்காததை மிஸ்ஸிடம் சொல்லவில்லை.

6

ஜனவரி முதல் வாரத்திலிருந்து மிஸ் ஊசி போடுவதை நிறுத்திவிட்டார். காலை ஏழு மணிக்கு அங்கிள் ஆட்டோ பிடித்து ஒரு மருந்தகத்துக்குப் போய் அங்கே போட்டுக்கொள்கிறார். மழை நாளில் தாமதமாகும். இரண்டு முறை ஊசியே போடாமல் இருந்திருக்கிறார். தானே போட்டுக்கொள்ளலாமே என்றால், ஊசி முனையைப் பார்த்தாலே அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை மாலை நொச்சிக்குப்பம் பக்கம் மீன் வாங்கப் போனவன், அங்கே அவரைப் பார்த்தேன். வாங்காமல் ஒரு சங்கரா மீனின் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். மீன்காரம்மா, "இன்னா சாரு, எடுத்துக்கினு போறியா, குசலம் விசாரிச்சுக்கினு நிக்கப் போறியா?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தார். சாலையோரம் என்னை ஒதுக்கிக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்.

"எரிக், அன்னிக்கு நான் சோறு வைக்கல."

எனக்கு முதலில் புரியவில்லை.

"தாள்ல போட்டிருந்துச்சு. அஞ்சு மணி நேரம்னு. அவளுக்குத் தெரியாது."

"சொல்லிடுங்க அங்கிள்."

"எப்படிப்பா சொல்றது? மொத நாளே சொல்லியிருக்கணும். இப்போ அம்பது நாள் ஆச்சு. அம்பது நாள் அவ அழுததைப் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தேன்னு ஆயிடும்ல." சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அதை எழுதினது யாருன்னு தெரியல. ஃபாதர்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன்."

நான்தான் என்று அப்போதே சொன்னேன். அதற்கு மட்டும் எனக்குத் தைரியம் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. "அப்போ நீயும் சொல்லாத" என்றார்.

அதில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது. வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

7

இந்த இடத்தில் கதை எழுதுகிறவன் முடிவுகளைத் தேட ஆரம்பிப்பான். நானும் தேடினேன்.

(அ) கரீமுல்லா டீயில் போட வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலத்தைப் பிரித்து, விரலில் தொட்டுச் சோடாவின் ஈறில் தேய்க்கிறார். சோடா கண் திறக்கிறது. [அதன் வால் மெல்ல—] இந்த முடிவை இரண்டு பக்கம் எழுதினேன், எனக்குப் பிடித்தும் இருந்தது. இப்படித் தேய்த்தால் சில சமயம் பிழைக்குமாம். ஆனால் கரீமுல்லா சர்க்கரை இல்லாமல் டீ குடிப்பவர்.

(ஆ) அறிவிப்பு எழுதியவன் ஞாயிறு பூசையில் ஒலிபெருக்கி முன் நின்று தன் தப்பை ஒப்புக்கொள்கிறான். கோயில் நிசப்தமாகிறது. இந்த முடிவில் சோடாவும் இல்லை, மிஸ்ஸும் இல்லை. நான் மட்டும் நன்றாகத் தெரிகிறேன். தூக்கிப் போட்டேன்.

(இ) பங்கு மடலில் திருத்தம் வருகிறது. இதை உண்மையிலேயே முயன்றேன். விட்டுப்போன வரியைத் தனியாக எழுதிக்கொண்டு போனேன். பங்குத்தந்தை படித்துவிட்டு, "இப்போ எதுக்கு எரிக், லீவுதான் முடிஞ்சிடுச்சே. அடுத்த டிசம்பர்ல போட்டுக்கலாம்" என்றார். அவர்மேல் தப்பில்லை. எதற்கு என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

இன்னொரு முடிவும் உண்டு, எழுதுவது சுலபம்: காலம் ஆற்றிவிடுகிறது. வீட்டுக்குப் புது நாய்க்குட்டி வருகிறது. மிஸ் சிரிக்கிறார். அதை எழுத உட்கார்ந்த அன்றுதான் அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

8

மேசையில் ஒரு டம்ளர் தண்ணீர், பக்கத்தில் வரிசையாக ஆறு ஊசிக்குழல். ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஏற்றிவைத்திருந்தார். ஜன்னலோரம் வெளிச்சத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார்.

"எரிக், இங்க உக்காரு. நீ கிளாஸ்ல ஒழுங்கா ரீடிங் எடுப்ப. இது எவ்வளவுன்னு சொல்லு."

கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்தேன். "அஞ்சு மிஸ்."

"இது?"

"அஞ்சு."

ஆறையும் பார்த்தேன். ஆறும் ஐந்து. கோட்டுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

"எனக்கும் அஞ்சாத்தான் தெரியுது" என்றார். "அன்னிக்கும் அஞ்சாத்தான் தெரிஞ்சுது. கண் டாக்டர் ஒண்ணுமில்லங்கறார். நரம்பு டாக்டரும் ஒண்ணுமில்லங்கறார். அப்போ என்னதான்டா ஆச்சு எனக்கு? அஞ்சுன்னு நெனச்சுக்கிட்டுப் பத்து ஏத்தினா, அது எனக்கே தெரியலன்னா, நாளைக்கு அவருக்குப் பதினெட்டுன்னு நெனச்சு எவ்வளவு ஏத்துவேன்?"

குரல் உடையவில்லை. பாடம் நடத்துகிற குரலில்தான் கேட்டார்.

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. மிஸ், நீங்கள் அளந்தது சரி, தப்பு அடுப்படிக்கு அப்பால் நடந்தது, அதற்கும் முன்னால் என் மேசையில் நடந்தது. [என்று சொன்னேன்.] இல்லை, சொல்லவில்லை. "அஞ்சுதான் மிஸ், கரெக்டா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு ஊசிக்குழல்களை ஒவ்வொன்றாகத் தொட்டியில் காலிசெய்தார். பிறகு, "பூமா மருந்துக்கடைல யாராவது வீட்டுக்கு வந்து போடுவாங்களான்னு விசாரிச்சுச் சொல்லு. அவரால ஆட்டோல ஏறி எறங்க முடியல" என்றார்.*

* கடையின் பெயரை மாற்றியிருக்கிறேன். இந்தக் கதையில் நான் மாற்றிய பெயர் அது ஒன்றுதான்.

9

முந்தாநாள் அங்கிளைப் பார்த்து, இதை எழுதியிருக்கிறேன் என்றேன். எட்டுப் பகுதியையும் அவர் கோயில் தோட்டத்தில் உட்கார்ந்து படித்தார். படித்து முடித்து, "ஆறாம் பகுதியில மட்டும் என் பேரை மாத்திடு" என்றார். அதில் எந்தப் பெயர் வைத்தாலும் சோறு வைக்காதவர் அந்த வீட்டில் வேறு யாராக இருக்க முடியும் என்று கேட்டேன். யாரிடமும் காட்ட வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தாள்களை நேராக்கி என் கையில் கொடுத்தார். மடிக்கவில்லை.

ஆகவே வாசகரே, மன்னிக்க வேண்டும். இந்தக் கதையின் முதல் வாசகர் நீங்கள் அல்ல.

இந்தப் பகுதியைப் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறேன், மிஸ் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து. அச்செடுத்த எட்டுப் பகுதியும் அவர் கையில் இருக்கிறது. என்ன என்று கேட்டார், கதை என்றேன். உடனே சிவப்புப் பேனா எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பக்கத்தில் இரண்டு ஒற்றுப்பிழை பிடித்தார். 'சோடா இறந்துபோகும்' என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது, பிறகு நகர்ந்தது. மூன்றாம் பகுதிக்குப் பிறகு அவர் எதையும் திருத்தவில்லை. பேனாவின் மூடியைப் போட்டுவிட்டார். என் பக்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்போது ஐந்தாம் பகுதியில் இருக்கிறார். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அதையே மறுபடி மேலிருந்து படிக்கிறார். உள்ளே அங்கிள் குளியலறையில் இருக்கிறார், தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. மணி ஆறே முக்கால். இன்னும் கால் மணி நேரத்தில் ஆட்டோ வரும்.

ஆறாம் பகுதி.

படித்துவிட்டார். மிச்சத்தைப் படிக்கவில்லை. தாள்களை மடியில் கவிழ்த்து வைத்திருக்கிறார். நான் பேசலாமா என்று வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்தினார். தண்ணீர்ச் சத்தம் நின்றது. அங்கிள் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், மடியில் கிடந்த தாள்களைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார்.

"இங்க வாங்க" என்றார் மிஸ். "அன்னிக்குக் காலைல சோடா சாப்பிட்டுச்சா?"

பதில் அவர் மடியிலேயே இருக்கிறது, கொட்டை எழுத்தில் அச்சாகி. அதை இரண்டு முறை படித்தும் இருக்கிறார். இருந்தும் கேட்கிறார்.

இதற்கு மேல் எழுதும் உரிமை எனக்கில்லை. அங்கிளின் இடத்தில் ஈரத் துண்டோடு நீங்கள் நின்று பாருங்கள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மிஸ் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.